அம்மாவும் மாமியும் கப்பல் ஏறினார்கள்

வயது சென்ற பெற்றோரை வாகனத்தில் ஏற்றி வற்றாப்பளைப் பொங்கலுக்கோ, மடுத் திருநாளுக்கோ, கதிர்காமத்துக்கோ கூட்டிச் செல்வது வன்னிக் குடும்பங்களிற் புதுமையான காரியமன்று. சோற்றுப் பொதியும் தண்ணீர்ப் போத்தலும் வெற்றிலைப் பையும் வாகனத்தில் ஏறிவிட்டால் பிரயாணம் பாதி முடிந்த மாதிரித்தான். ஆனால், அதே முதியோரைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து அழைத்துப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். “இந்த வயதில் இது தேவைதானா?” என்று அயலார் கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். பதில் சொல்ல நெடுநேரம் வேண்டியிருந்தபடியால் அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

எங்கள் கிளிநொச்சி வீட்டில் இரண்டு தாய்மார் இருக்கிறார்கள். ஒருவர் என்னைப் பெற்ற அம்மா. பிரயாணம் செய்தபோது வயது 74. மற்றவர் என் கணவரைப் பெற்ற மாமி, வயது 79. அம்மா மலையகத் தோட்டமொன்றிற் பிறந்து, 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் கைப்பையும் கைக்குழந்தையுமாக வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அவர் அறிந்த பெருநீர் இரணைமடுக் குளம் ஒன்றே. மாரியில் அது வான் பாயும்போது கரையில் நின்று பார்த்துவிட்டு, “சமுத்திரம் இதைவிடப் பெரிசா இருக்குமா?” என்று கேட்டவர். மாமியோ முல்லைத்தீவுக் கரையோரத்தார். தகப்பனும் கணவனும் கரைவலைத் தொழில் செய்தவர்கள். பிறந்த நாள் முதலாகக் கடலின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தும், பெண்கள் வள்ளத்தில் ஏறித் தொழிலுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லாதபடியால், முழங்கால் நனைவதற்கு அப்பால் அவர் கடலுக்குள் இறங்கியதில்லை. அப்படித்தான் நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழையென்பதைக் கப்பலில்தான் அறிந்தேன். அதைப் பின்னர் சொல்வேன்.

கப்பற் பிரயாணம் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் அம்மா. அதற்குக் காரணம் அவருடைய அக்காள்.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தைப் பாடப் புத்தகத்திற் படித்திருப்பீர்கள். மலையக மக்கள் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று அதிற் பங்கிடப்பட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தராசிற் சீனி நிறுப்பதுபோல் மனிதரை நிறுத்த இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது தெரியுமா? அம்மாவின் தகப்பனார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அக்காள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தாரோ இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரண்டு தேசத்தாராயினர்.

1971இல் அக்காள் புறப்பட்டார். தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னாருக்கு. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கு. அம்மாவுக்கு அப்போது இருபது வயது. அக்காளின் கையை யன்னல் வழியே பிடித்தபடி மேடையில் ரயிலோடு ஓடினாராம். மேடை முடிந்த இடத்திற் கை நழுவிப் போயிற்று. கப்பலை அம்மா காணவில்லை. காணாததனாலேயே போலும், அந்தக் கப்பல் 54 வருடமாக அவர் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்காள் குடும்பத்துக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோரைக் குடியமர்த்துவதற்கென்றே தமிழக அரசு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கி வந்தது. இங்கே கொழுந்து பறித்தவர் அங்கேயும் கொழுந்து பறித்தார். கடிதங்கள் வந்தன, யுத்த காலத்தில் நின்றன, பின்னர் மீண்டும் வந்தன. இப்போது அவர் திருச்சியில் மகனோடு இருக்கிறார். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபின் ஞாயிறு தோறும் சகோதரிகள் இருவரும் பேசிக்கொள்வார்கள். பேச்சு முடிந்ததும் அம்மா தொலைபேசிக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் என்னிடம் தருவார்.

“விமானத்திற் போகலாமே” என்று நான் சொன்னேன். யாராயினும் அதைத்தான் சொல்வார்கள். பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரிற் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டபின், ஒன்றரை மணி நேரத்திற் சென்னையில் இறங்கிவிடலாம். அம்மா சம்மதிக்கவில்லை. “அக்கா கப்பல்லதானே போச்சு. நானும் கப்பல்லயே போறேன்” என்றார். “அம்மா, அது தலைமன்னார், இது காங்கேசன்துறை. வழி வேறு” என்று பூகோளம் கற்பித்தேன். “கடல் ஒண்ணுதானே புள்ள” என்றார். அதற்கு மேல் என் பூகோளம் செல்லவில்லை.

இளம் வாசகர்களுக்காக இந்த வழிகளின் சரித்திரத்தைச் சற்றே சொல்ல வேண்டும். 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியிற் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேரலாம். ‘போட் மெயில்’ என்று இரு கரையாரும் அதைச் சொன்னார்கள். 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவு வந்த பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. (ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.) அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது, அம்மாவின் அக்காளைப் போன்றோரைக் கொண்டு சென்றது அதுவே. இனப் போர் மூண்டபின் 1984இல் அதுவும் நின்றது. பின்பு கடலைக் கடந்தோர் இரவிற் களவாகப் படகேறிய அகதிகளே.

ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, 2023 ஒக்ரோபர் 14ஆந் திகதி, நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. மழைக்காலம் நெருங்கியபடியால் சில நாட்களில் நின்றுவிட்டது. 2024 ஓகஸ்ட் 16ஆந் திகதி முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் அவ்வழியே ஓடலாயிற்று. சுமார் 150 பேர் ஏறக்கூடிய சிறு கப்பல். சென்னையிலிருந்து 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்த உல்லாசக் கப்பலை அருகே நிறுத்தினால் இது குஞ்சுபோலத் தோன்றும். அந்தப் பெருங் கப்பலில் நீச்சற் குளமும் நாடக சாலையும் உண்டாம். எங்கள் வீட்டுத் தாய்மாருக்கு நீச்சற் குளம் வேண்டியிருக்கவில்லை.

மாமியைச் சேர்க்கும் எண்ணம் முதலில் இருக்கவில்லை. “சம்பந்தி தனியப் போய்த் தலைசுத்தி விழுந்தா ஆர் பிடிக்கிறது?” என்று தாமே புறப்பட்டார். நான் கூடப் போகிறேன் என்பதை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

கடவுச்சீட்டு எடுப்பதற்கு வவுனியா சென்றோம். இவ்விடத்திற் குடும்பத்தலைவிகள் சற்றுக் கவனிக்க வேண்டும். முதியோரின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அம்மாவின் பத்திரத்தில் அவர் பெயரின் கடைசி எழுத்தைக் காணோம். தோட்டத்தில் யாரோ எழுதிய அவசரம். இதைச் சீர்செய்ய மாதங்கள் செல்லும். ஆகையாற் பிரயாணத்துக்கு நாள் குறிக்குமுன் பத்திரங்களை மேசையிற் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். யுத்தத்திற் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் முன்னதாகவே விசாரிப்பது நல்லது.

கைவிரல் அடையாளம் எடுக்கும்போது மற்றொரு விஷயம் தெரிந்தது. இரு தாய்மாரின் விரல்களிலும் ரேகை இல்லை என்று சொல்லலாம். ஒருவருடையது கொழுந்து பறித்தும் கச்சான் பிடுங்கியும் தேய்ந்தது; மற்றவருடையது உப்பிலும் கருவாட்டிலும் கரைந்தது. அங்கிருந்த இளைஞர் பொறுமைசாலி. விரலைத் துடைத்து, ஈரப்படுத்தி, மறுபடி அழுத்தி, ஏழெட்டுத் தடவை முயன்று ஒருவாறு பதித்துவிட்டார். “அம்மா, நல்லா உழைச்சிருக்கிறியள்” என்றார். இந்திய வீசாவையும் பெற்ற பின்னரே சீட்டுக்குப் பணம் கட்டினோம்.

அடுத்தது தேக நிலை. இருவருக்கும் இரத்த அழுத்தம். மாமிக்குச் சர்க்கரையும் உண்டு. வைத்தியரிடம் அழைத்துச் சென்று, கடற் பிரயாணம் என்பதைச் சொல்லியே ஆலோசனை கேட்டேன். அவர் கூறியவற்றுள் எனக்குப் புதுமையாகத் தோன்றியவை சில.

கடலிற் தலைசுற்றி வாந்தி வருவது வயிற்றின் குற்றமன்று. காதின் உட்புறத்திலே நம் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு ஒன்று உண்டு. கப்பல் அசைவதை அது உணர்கிறது. கண்ணோ எதிரேயுள்ள சுவரையும் ஆசனத்தையும் பார்த்து, எல்லாம் அசையாமல் இருக்கின்றன என்கிறது. இரண்டு சாட்சிகள் இருவிதமாகச் சொன்னால் நீதிபதி குழம்புவார் அல்லவா? மூளையும் அவ்வாறே குழம்பி, வயிற்றைப் புரட்டுகிறது. தூரத்தே கடலும் வானும் சேரும் கோட்டைப் பார்த்தால் கண்ணின் சாட்சியம் காதோடு ஒத்துவரும். ஆகவே புத்தகமோ தொலைபேசியோ பார்த்தல் ஆகாது. கப்பலின் நடுப்பகுதியிலே அசைவு குறைவு, முன்முனையில் அதிகம். வெறும் வயிற்றோடு ஏறுவதும் வயிறு புடைக்க உண்டு ஏறுவதும் இரண்டும் தவறு.

இதில் மூத்தோருக்கு ஒரு சலுகை உண்டு. கடல் மயக்கம் பத்து வயதையொட்டிய சிறுவர்க்கே அதிகம். வயது ஏற ஏறக் குறைந்துபோகும். ஆனால் மயக்கத்துக்கு நாம் கடையில் வாங்கும் குளிசைகள்தாம் முதியோருக்கு ஆபத்தானவை. டைமென்ஹைட்ரினேற் முதலான மருந்துகள் தூக்கத்தையும் மனக் குழப்பத்தையும் உண்டாக்கி, எழுந்து நடக்கையில் விழச் செய்யும். சிறுநீர்த் தடையுள்ளோருக்கும் சிலவகைக் கண்ணோய் உள்ளோருக்கும் கெடுதி. “உங்கள் இஷ்டப்படி ஒன்றும் கொடுக்காதீர்கள், இஞ்சித் துண்டு போதும்” என்றார் வைத்தியர். சிறுநீர் போக்கும் குளிசையை, மலசலகூடத்துக்குப் பயந்து பிரயாண நாளில் ஒளித்துவிடும் தந்திரத்தையும் அவர் அறிந்திருந்தார். அதை எந்நேரம் எடுப்பது என்பதை எழுதியே தந்தார். மருந்துகள் பெரிய பெட்டியிற் போகாமல் கைப்பையில் இருக்க வேண்டும் என்பதும் அவர் கட்டளை.

புறப்பட நாங்கள் தெரிந்தெடுத்தது 2025ஆம் ஆண்டு பங்குனி மாதம். மாரிக்காலக் காற்று அடங்கி, பாக்கு நீரிணை சாந்தமாக இருக்கும் பருவம் அது. காலபோக அறுவடையும் முடிந்துவிட்டது. கார்த்திகை, மார்கழியில் இப்பிரயாணத்தை நினைக்கவே வேண்டாம், கப்பலும் ஓடாது. மற்றைய மாதங்களிலும் காற்று மாறினாற் கப்பல் நிற்கும். ஆகையால், கரை சேர்ந்த மறுநாளே கல்யாண வீடு என்று திட்டமிடுதல் கூடாது.

வாடகை வானில் ஆனையிறவைக் கடந்து காங்கேசன்துறை சேர்ந்தோம். 1893இற் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்த்ததும் மாமிக்கு உற்சாகம் பிறந்தது. மாவிட்டபுரம் கோயிலுக்குரிய காங்கேயனாகிய முருகனின் விக்கிரகம் இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய துறை என்பதால் இதற்கு இப்பெயர் என்ற ஐதிகத்தை நான் சொல்ல, “அவர் வந்த வழியால நாங்கள் போறம்” என்று கும்பிட்டுக்கொண்டார். அம்மா வாய் திறக்கவில்லை. சுங்க அறையில் ஒரு பொதியை மட்டும் கையை விட்டு விடாமல் வைத்திருந்தார்.

உள்ளே விமானத்திலுள்ளது போன்று வரிசை ஆசனங்கள், கண்ணாடி யன்னல்கள். நடுப்பகுதியில் இடம் பிடித்து, அம்மாவை யன்னலோரம் இருத்தினேன். பிற்பகலிற் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ 60 கடல் மைல் தூரம். நான்கு மணித்தியாலம் அளவிற் செல்லும். கரை மெல்ல விலகி, பனைகள் தீக்குச்சிகளாகி, பின் மறைந்தன. அம்மா கையை யன்னற் கண்ணாடியில் வைத்தார். எடுக்கவில்லை.

அடுத்த ஆசனத்தில் இருந்த ஒருவர் மரியாதைக்காக மாமியிடம், “முதல் தரமோ கப்பலில்?” என்று கேட்டார்.

“இல்லை. ரெண்டாம் தரம்” என்றார் மாமி.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் மே மாதம் வரை, புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டோரையும் அவர்களுக்குத் துணையானோரையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் ஏற்றிச் சென்றது. கப்பல் கரைக்கு வர இயலாது. மீன்பிடிப் படகுகளில் ஏற்றி நடுக் கடலிற் கப்பலுக்கு மாற்றினார்கள். இவ்வாறு 10,000 பேருக்கு மேல் வெளியேறினர். சித்திரை மாதத்தில் ஒருநாள் மாமாவைக் கிடத்திய படகில் மாமியும் ஏறினார். புல்மோட்டையிற் சேர்ந்த மூன்றாம் நாள் மாமா காலமானார். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவையே. ஆயினும் அதை ஒரு கப்பற் பிரயாணம் என்று நாங்கள் ஒருவரும் எண்ணியதில்லை. மாமி எண்ணி வைத்திருந்தார்.

“அண்டைக்குக் கடலைப் பாக்கேல்லை” என்றார், என்னிடம் அல்ல, அம்மாவிடம். “அவற்ற முகத்தைத்தான் பாத்துக்கொண்டு போனனான். கடல் எந்த நிறம் எண்டும் தெரியாது.”

அம்மா எழுந்து, தமது யன்னலோர ஆசனத்தை மாமிக்குக் கொடுத்தார். மாமி மறுத்தார். இருவரும் நகர்ந்து நெருங்கி ஒரு யன்னலில் இரு முகங்களாக இருந்துகொண்டனர். அவர்களுக்குள் என்ன பேசினார்கள் என்பதை நான் அறியேன். அறிய முடியாத நிலைமை எனக்கு ஏற்பட்டுவிட்டது. இஞ்சி, தேசிக்காய், காகிதப் பை என்று எல்லா ஆயத்தமும் செய்து, காதின் உட்புறத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்த நான், நடுக்கடலில் வாந்தி எடுத்தேன். தாய்மார் இருவருக்கும் தலைவலிகூட இல்லை. 79 வயது மாமி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “தூரத்தைப் பார் பிள்ளை, தூரத்தைப் பார்” என்று எனக்கே வைத்தியம் சொன்னார். இடையிடையே தூரத்தில் இழுவைப் படகுகள் தென்பட்டபோது, “உவங்கள்தான் எங்கட வலையை அறுக்கிறவங்கள்” என்று அவற்றை எண்ணவும் தவறவில்லை. கப்பல் ஆடும்போது எழுந்து நடந்தால் ஒரு கை எப்போதும் எதையேனும் பற்றியிருக்க வேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். என்னைக் கழிவறைக்குக் கொண்டுபோய் வந்தபோது அவர் அதைச் சரியாகக் கடைப்பிடித்தார்.

நாகபட்டினத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பத்திரங்களைக் காட்டி வெளியே வருவதற்கு மேலும் நேரம் சென்றது. வாயிலுக்கு வெளியே, மகன் பக்கத்தில் நிற்க, நாற்காலியொன்றில் பெரியம்மா இருந்தார். தொலைபேசியில் ஞாயிறு தோறும் பார்த்த முகந்தான். ஆனால் தொலைபேசி முகத்தை மாத்திரமே காட்டும். அவர் எழுந்து நின்றபோது அம்மாவின் தோளுக்கும் வரவில்லை. “அக்கா, நீ என்னைவிட உசரமால்ல இருந்தே” என்றார் அம்மா. அதுதான் 54 வருடத்துக்குப் பின் அவர் சொன்ன முதல் வார்த்தை. பெரியம்மா பதில் சொல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்தார். அந்தக் கை அன்றிரவு நித்திரைக்குப் போகும் வரை விடப்படவில்லை.

மறுநாட் காலை மாமி என்னை மீன் இறங்கும் துறைக்குக் கூட்டிச் சென்றார். இழுவைப் படகுக்காரரோடு சண்டை பிடிக்கப் போகிறாரோ என்று அஞ்சினேன். அவர் கூடைக்காரப் பெண்களின் பக்கத்தில் குந்தி, மீன் விலை விசாரித்தார். பேச்சு எப்படியோ 2004 டிசம்பர் 26க்குச் சென்றது. தமிழகத்தில் அந்த ஆழிப்பேரலை மிக அதிகமான உயிரைக் கொண்டுபோனது நாகபட்டினம் மாவட்டத்தில். முல்லைத்தீவில் மாமியின் வீடு அத்திவாரம் மாத்திரமாக மிஞ்சிய நாளும் அதுவே. எத்தனை மணிக்கு வந்தது, தண்ணீர் முதலில் உள்வாங்கியதா, யார் யார் போனார்கள் என்று இரு கரைப் பெண்களும் மணிக்கணக்கிற் பேசினார்கள். எழும்பும்போது ஒரு பெண் மாமிக்கு நாலு மீனைக் காகிதத்திற் சுற்றிக் கொடுத்தாள், பணம் வாங்கவில்லை. வலை அறுத்த வழக்கு அன்றைக்கு எடுக்கப்படவில்லை.

நாங்கள் விடுதிக்குத் திரும்பியபோது சகோதரிகள் இருவரும் கட்டிலில் எதிரெதிரே இருந்தார்கள். அம்மா சுங்கத்தில் விடாமற் பிடித்திருந்த பொதி அவிழ்ந்து கிடந்தது. உள்ளே இருந்தது நம் நாட்டுத் தேயிலை. பெரியம்மா கொண்டு வந்த பையிலும் தேயிலைதான், நீலகிரித் தேயிலை. கொழுந்து பறித்த இருவருக்கும் வேறு என்ன கொண்டு வருவதென்று தோன்றவில்லையாம். எதை முதலில் ஊற்றுவது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. “என் வீட்டுக்கு வந்தவ நீ, எந்தூருத் தேத்தண்ணியத்தான் குடிக்கணும்” என்றார் அக்காள். “இது உன்னோட மலையிலே பறிச்சது. மணத்திப் பாரு” என்றார் தங்கை.

“ரெண்டில ஒண்டை ஊத்துங்கோ, கொதிச்ச தண்ணி ஆறப்போகுது” என்றார் மாமி, மீன் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று இடந் தேடியபடி.